தொட்டித் தண்ணீரைக் காட்ட எந்தத் திரை?

மொட்டை மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதைச் சமையலறைச் சுவரிலேயே பார்த்துவிட வேண்டும். ஆர்டுயினோ ஊனோ பலகையை வாங்கிவைத்திருக்கும் பலருக்கும் உள்ள ஆசை இது. சென்சார் வேலை எப்படியோ முடிந்துவிடும். திரை வாங்கப் போகும்போதுதான் குழப்பம் தொடங்கும். சென்னை ரிச்சி தெருவில் நின்று ‘கிராபிக் எல்சிடி’ என்று கேட்டால் பல வகைகள் மேசைக்கு வரும். கை தானாகவே பெரியதை, வண்ணமானதை எடுக்கும்.

அவசரப்பட வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது பலகையின் நினைவகம். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் ராம் 2,048 பைட்தான். 240-க்கு 320 பிக்சல் கொண்ட ஐஎல்ஐ9341 வண்ணத் திரையில் ஒரு முழுப் படத்துக்கு 1,53,600 பைட் வேண்டும். அதாவது 75 மடங்கு. படத்தை உள்ளேயே வரைந்து முடித்துவிட்டு மொத்தமாக அனுப்ப வழியில்லை. திரையிலேயே அழித்து அழித்து எழுத வேண்டும். எண் மாறும்போதெல்லாம் அந்த இடம் மினுக்கும். போதாததற்கு, ஜன்னலோர வெயிலில் எழுத்து வெளிறிப்போகும். இந்தத் திரையை இஎஸ்பி32 போன்ற பெரிய நினைவகமுள்ள பலகைக்கு ஒதுக்கிவிடலாம்.

நோக்கியா 5110 கைப்பேசி 1998-இல் வந்தது. அதன் திரை இன்றும் தனி மாட்யூலாக விற்கிறது. 84-க்கு 48 பிக்சல், பிசிடி8544 சிப். முழுப் படமும் 504 பைட்டில் அடங்கிவிடும், ஊனோவின் ராமில் கால்பங்கு. பேக்லைட்டை அணைத்துவிட்டால் அரை மில்லி ஆம்பியர்கூட இழுக்காது; வெயிலிலும் பளிச்சென்று தெரியும். சங்கடம் மின்னழுத்தத்தில்தான். இது 3.3 வோல்ட் திரை. ஊனோ அனுப்புவதோ 5 வோல்ட் சிக்னல். நடுவே சிடி4050 சிப்பைப் போடுவதே முறை. நேராக இணைத்தும் ஓடுகிறதே என்பார்கள். ஓடலாம், ஆனால் ஆயுள் குறையும்.

பெரிய எழுத்து வேண்டுமென்றால் 128-க்கு 64 பிக்சல் திரைதான். இதில் கவனம் தேவை. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் மாட்யூல்களுக்குள் வேறு வேறு சிப்புகள் இருக்கும், அதுவும் பின்பக்கத்தில் கருப்புப் பொட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு. கேஎஸ்0108 வகை என்றால் தரவுக்கு 8, கட்டுப்பாட்டுக்கு 5 என்று ஊனோவின் 20 பின்களில் 13 போய்விடும். பின் வரிசையும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மின் இணைப்பை மாற்றிக் கொடுத்தால் திரை அன்றோடு சரி. எஸ்டி7920 வகையில் பிஎஸ்பி என்ற பின்னைத் தரையோடு இணைத்துவிட்டால் மூன்றே சிக்னல் கம்பி போதும், 5 வோல்ட்டிலேயே ஓடும். பல முப்பரிமாண அச்சுப்பொறிகளில் மெனு காட்டுவது இந்தத் திரைதான். முழுப் படத்துக்கு 1,024 பைட் ஆகும், பாதி ராம். அதுவும் கூடாதென்றால் யு8ஜி2 லைப்ரரியில் பக்கம் பக்கமாக வரையும் முறை இருக்கிறது; 128 பைட்டில் வேலை முடியும், வேகம் மட்டும் குறையும்.

நிறத்திலும் பொருள் உண்டு. நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து இரவில் அழகு, பகல் வெளிச்சத்தில் மங்கல். மஞ்சள்பச்சைத் திரையைப் பேக்லைட் இல்லாமலேயே படிக்கலாம்.

புதுத் திரையில் ஒன்றுமே தெரியவில்லை அல்லது முழுக்கக் கருப்பாக இருக்கிறது என்றால் உடனே குப்பையில் போட வேண்டாம். பெரும்பாலும் கான்ட்ராஸ்ட்தான் காரணம். 5110-இல் அது நிரலில் கொடுக்கும் எண். 128-64 திரையில் 10 கிலோ ஓம் பிரீசெட்டைத் திருகினால் எழுத்து எழும்பி வரும்.

தமிழில் காட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று. இந்தச் சிறிய லைப்ரரிகள் எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்குமே தவிர, கொம்பை முன்னால் கொண்டுவரத் தெரியாதவை. ‘தொட்டி’ என்று நிரலில் எழுதினால் கொம்பு ‘த’வுக்குப் பின்னால் போய் நிற்கும். சொல்லைக் கணினியில் படமாக வரைந்து, எக்ஸ்பிஎம் வடிவில் மாற்றிச் சேர்ப்பதே வழி. 84 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரமுள்ள ஒரு சொற்படம் 176 பைட்; நிரல் இருக்கும் 32 கிலோபைட் பிளாஷில் வைத்துவிட்டால் ராமைத் தொடாது. இந்தச் சிரமத்தைப் படலாம். வீட்டில் எல்லோரும் படிக்கும் எழுத்தில் தண்ணீர் அளவு தெரிவதற்கு ஈடில்லை.

அருகிலேயே விற்கும் 0.96 அங்குல ஓஎல்ஈடி மிகக் கூர்மையானது. ஆனால் அது எல்சிடி அல்ல. ஒரே படத்தை இரவும் பகலும் காட்டினால் அந்தப் பிக்சல்கள் மட்டும் தேய்ந்து மங்கும். தொட்டி வேலைக்கு ஒத்துவராது.

சுவரில் மின் இணைப்போடு நிற்கப்போகும் தொட்டிமானிக்கு மஞ்சள்பச்சை எஸ்டி7920. பேட்டரியில் ஓடும் கருவிக்கு 5110. கடையில் அளவை மட்டும் சொல்லாமல் சிப்பின் பெயரையும் கேளுங்கள். பின் வரிசைத் தாளைக் கையில் வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.