நா. காமராசனின் ‘நாங்கள்’

நா. காமராசனை நான் வெகுகாலம் படிக்காமலே இருந்தேன். படிக்காமலே அவரைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் வைத்திருந்தேன். மேடைக் கவிஞர், கைதட்டலுக்கு எழுதுகிறவர், கட்சிக்காரர், பிறகு சினிமாவுக்குப் போனவர் - இவ்வளவுதான் அந்த அபிப்பிராயம். அவர் மேடையில் இருந்ததும் கட்சியில் இருந்ததும் சினிமாவுக்கு எழுதியதும் வாஸ்தவம்தான். ஆனாலும் அபிப்பிராயம் தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு காரியமாகத் தேனியிலிருந்து போடிக்குப் பஸ்ஸில் போகவேண்டியிருந்தது. தேனியில் ஒரு நண்பர் ‘கறுப்பு மலர்கள்’ பழைய பிரதி ஒன்றைக் கையில் திணித்து, “போகிற ஊர்க்காரர் புத்தகம், படித்துக்கொண்டே போங்கள்” என்றார். புத்தகம் முழுவதும் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். பழைய புத்தகத்தில் பிறர் போட்ட கோடு எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு அந்தக் கோடுகளே எனக்குப் பாடமாயின.

காமராசன் 1942-ல் போடிக்குப் பக்கத்தில் மீனாட்சிபுரத்தில் பிறந்தார். அப்போது அது மதுரை ஜில்லா. தேனி தனி மாவட்டமானது 1996-ல்தான். மேற்கே மலை, மலைமேல் ஏலத்தோட்டம், கீழே ஏலக்காய்க் கடைகள். அந்தத் தெருக்களில் வாசனையைக் கொண்டே வழி கண்டுபிடித்து விடலாம். கிடங்குகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். வாசனை வியாபாரிக்குப் பணம். பொறுக்குகிறவளுக்கு அன்றாடக் கூலி. இந்த ஊரில் வளர்ந்த பையன் முரண்களைத் தேடி எங்கும் போகவேண்டியதில்லை.

மதுரையில் கல்லூரியில் படித்தார். 1965 ஜனவரியில், இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது, அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதியை எரித்துச் சிறை சென்ற மாணவர்களில் ஒருவர் அவர். உடன் இருந்தவர், பின்னாளில் சட்டசபை சபாநாயகரான கா. காளிமுத்து. அப்புறம் உத்தமபாளையம் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் வேலை. 1971-ல் ‘கறுப்பு மலர்கள்’ வந்தது. எம்.ஜி.ஆர். அவரைச் சினிமாவுக்கு அழைத்துக்கொண்டார். ‘பல்லாண்டு வாழ்க’ (1975), ‘நீதிக்குத் தலைவணங்கு’ (1976) ஆகிய படங்களில் அவர் எழுதிய பாட்டுகளை இன்றும் ரேடியோவில் கேட்கலாம். 2017 மே மாதம் சென்னையில் காலமானார். வாழ்க்கைச் சரித்திரம் இவ்வளவுதான் என்று நான் சொல்லவில்லை; கவிதைக்கு வேண்டியது இவ்வளவு போதும்.

ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். புதுக்கவிதைக்கு 1959 முதல் இடம் கொடுத்த ‘எழுத்து’ பத்திரிகையின் ஆசிரியர் சி. சு. செல்லப்பா பிறந்தது இதே பள்ளத்தாக்கில், சின்னமனூரில். அவர் வளர்த்த கவிதை தனியறையில் தாழ்ந்த குரலில் பேசுவது. 1971-ல் கோவையில் கிளம்பிய ‘வானம்பாடி’ இயக்கத்தார் அதற்கு நேர்மாறு. கவிதை தெருவில் நின்று உரக்கப் பேசவேண்டும் என்றவர்கள். காமராசன் இந்த இரண்டாவது கோஷ்டியோடு சேர்த்துப் பேசப்படுகிறவர். பெரியகுளத்து மு. மேத்தாவும் அப்படியே. நான் முதல் கட்சி ரசனையில் வளர்ந்தவன். உரக்கப் பேசினால் கவிதை இல்லை என்று நினைத்துப் பழகிவிட்டேன். ஆகவே படிக்கவில்லை.

சரி, பென்சில் கோடுகளுக்கு வருகிறேன். கோடு போட்ட வாசகர் எங்கெல்லாம் போட்டிருந்தார் என்றால், ஒரு சொல்லை அதன் எதிர்ச்சொல்லோடு மோதவிட்ட இடங்களிலெல்லாம். காமராசனுக்கு அந்த வித்தை கைவந்தது. புத்தகங்களின் தலைப்புகளிலேயே அது தெரியும்: ‘தாஜ்மகாலும் ரொட்டித் துண்டும்’, ‘சுதந்திர தினத்தில் ஒரு கைதியின் டைரி’. உறவில்லாத இரண்டைப் பக்கத்தில் உட்காரவைத்தால் ஒரு பொறி பறக்கும். சபையில் கைதட்டல் விழும். ஆனால் பத்துப் பொறி பறந்த பிறகு பதினோராவதற்குக் கண் சிமிட்டக்கூடத் தோன்றுவதில்லை. பிற்காலத்துத் தொகுதிகள் பலவற்றில் எனக்கு நேர்ந்தது இதுதான்.

எல்லா முரணும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடம்பை விற்றுப் பிழைக்கும் பெண்களைப் பற்றி அவர் எழுதிய கவிதை ஒரு காலத்தில் கல்லூரி விடுதிகளில் மனப்பாடம். உடுத்திக்கொள்ளும் துணிக்காகத் துணியில்லாத உடம்பை விற்கவேண்டியிருக்கிறது என்ற விஷயம் அதில் வருகிறது. இதுவும் சொல் விளையாட்டுத்தான். ஆனால் விளையாட்டைக் கவிஞர் உண்டாக்கவில்லை. அவள் பிழைப்பிலேயே அது இருக்கிறது. முரண் வாழ்க்கையில் இருக்கும்போது வரி நிற்கிறது. வார்த்தையில் மட்டும் இருக்கும்போது வாண வேடிக்கை.

அதே தொகுதியில் ‘காகிதப் பூக்கள்’ என்று ஒன்று. திருநங்கையரைப் பற்றியது. அந்த மரியாதைச் சொல்கூட 1971-ல் புழக்கத்தில் இல்லை. இருந்த சொற்கள் வசவுகள். அரசு அவர்களுக்கு ஒரு நலவாரியம் அமைத்தது 2008-ல். அதற்கு முப்பத்தேழு வருஷம் முன்னால் ஒரு தமிழாசிரியர் இதை எழுதியிருக்கிறார். தமிழாசிரியர் என்பது கவிதையிலேயே தெரிகிறது. சொல்லும் சொல்லும் புணருமிடத்தில் நேரும் பிழைக்கு நாம் வைத்திருக்கும் பெயரை எடுத்து, அதில் ஓர் எழுத்தைக் கூட்டி, பிறப்பில் நேர்ந்த பிழையாக ஆக்கிவிடுகிறார். கட்டுரை நோட்டில் சிவப்பு மை சுழித்த பிழை ஓர் உயிராகி எழுந்து நிற்கிறது.

இங்கே நாவல் எழுதுகிறவன் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கவிஞர் ‘அவர்கள்’ என்று பேசவில்லை. ‘நாங்கள்’ என்று அவர்களையே பேசவிடுகிறார். ‘நாம்’ என்றும் சொல்லவில்லை. நம் பாஷையில் இரண்டும் வேறு. ‘நாம்’ என்றால் கேட்கிறவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் வெளியே. இரக்கப்பட வந்த வாசகனை அந்தச் சொல் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆங்கிலத்தில் இது முடியாது. இரண்டுக்கும் அவர்களிடம் ஒரே சொல். யுத்தத்துக்குப் பிந்திய இங்கிலீஷ் கவிகளில் சிறந்தவர் என்று பலர் மதிக்கும் பிலிப் லார்க்கின் அந்த ஒரே சொல்லைக் கொண்டு வாசகனை மெல்லத் தன்பக்கம் இழுத்து, கிழத்தனத்துக்கும் சாவுக்கும் கூட்டாளியாக்கிவிடுவார். காமராசன் செய்தது எதிர்க்காரியம்.

லார்க்கினைச் சொன்னதற்கு வேறு காரணமும் உண்டு. ஹல் நகரத்துச் சர்வகலாசாலையில் 1955 முதல் 1985-ல் சாகும்வரை நூலகராக இருந்தவர். வயசு வந்த பிறகு பத்து வருஷத்துக்கு ஒரு சிறு தொகுதி என்ற கணக்கில்தான் வெளியிட்டார். 1988-ல் அவர் கவிதைகளை ஒன்றுதிரட்டியபோது, அவர் அச்சிடாமல் விட்டவற்றையும் சேர்த்துத் தேதிவாரியாக அடுக்கினார்கள். கவிஞரே வைத்த வரிசை போயிற்றே என்று ரசிகர்கள் குறைப்பட, 2003 பதிப்பில் பழைய வரிசை திரும்பிற்று. நடுவில், 1992-ல் கடிதங்கள் வந்தன. அடுத்த வருஷம் வாழ்க்கைச் சரித்திரம் வந்தது. கடிதங்களில் இருந்த துவேஷப் பேச்சைப் பார்த்துக் கவிதையையே தள்ளிவைத்தவர்கள் உண்டு. அவர்கள் கடிதத்தையாவது படித்துவிட்டுத் தள்ளினார்கள். நான் காமராசனைக் கட்சிக்கொடியைப் பார்த்தே தள்ளினேன்.

அவருடைய கவிதைகளை ஒருசேரப் படிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்வேன். ஒரே மூச்சில் படிக்கவேண்டாம். ‘கறுப்பு மலர்கள்’ வரிசையை அப்படியே முதலில் படித்து, கொஞ்ச நாள் விட்டுவிட்டு, ‘சூரியகாந்தி’க்குப் போகலாம். ‘பெரியார் காவியம்’ எனக்கு ஓடவில்லை. பெரியாரிடம் குறை கண்டு சொல்லவில்லை. அங்கே பேசுகிறவருக்குத் தம் கட்சியில் சந்தேகமே இல்லை. ‘நாங்கள்’ என்று பிறர் வாயில் பேசும்போது அவருக்குக் கிடைக்கிற தயக்கம், தம் சொந்தக் குரலில் முழங்கும்போது கிடைப்பதில்லை.

‘காகிதப் பூக்கள்’ குறையற்றது என்றும் நான் வாதிக்கமாட்டேன். வாசனையில்லாத பூ, பிழை என்கிறதெல்லாம் வெளியே நின்று பார்த்தவர் கண்டுபிடித்த உவமைகள். 2007-ல் ‘நான் வித்யா’ என்று தன் கதையைத் தானே எழுதிய பெண், தன்னைப் பிழை என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. அவர்களே பேசத் தொடங்கியபின் காமராசனின் ‘நாங்கள்’ இரவல் குரலாகிவிட்டது. இருக்கட்டும். இரவல் கொடுக்கவும் அன்றைக்கு வேறு யார் இருந்தார்கள்? இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் மனசில் வைத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

போடி வந்துவிட்டது. கண்டக்டர் இறங்கச் சொன்னார். எழுந்திருக்குமுன் அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் புரட்டிப் பார்த்தேன். புத்தகம் பூராவும் கோடு போட்ட அந்த வாசகர் ‘காகிதப் பூக்கள்’ பக்கத்தில் பென்சிலை வைக்கவே இல்லை. சட்டைப்பையில் பேனா இருந்தது. நண்பருடைய புத்தகமாயிற்றே என்று மூடி வைத்துக்கொண்டு இறங்கினேன்.