கோஆ மரத்தின் நான்கு குரல்கள்

யுகுலேலேயில் ஓரளவு கை பழகியவர்கள் ‘இனி ஒரு நல்ல வாத்தியம் வாங்க வேண்டும்’ என்று தொடங்கினால், பேச்சு நான்கு பெயர்களில் வந்து நிற்கும்: கமாகா, கோஅலோஹா, கனிலேயா, கோஒலாவ். நான்குமே ஆங்கிலத்தின் ‘கே’ எழுத்தில் தொடங்குபவை. நான்குமே ஹவாயின் ஓவாஹு தீவில் பிறந்தவை. அந்தத் தீவை ஒரே நாளில் காரில் சுற்றி வந்துவிடலாம். அத்தனை சிறிய இடத்தில், ஒரே மரத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் செய்யப்படும் வாத்தியங்கள் இப்படி வெவ்வேறு குரலில் பேசுவது ரசிகனைக் கிறங்கடிக்கும் விஷயம். விலை ஆயிரம் டாலரை எளிதில் தாண்டிவிடும் என்பதால், அந்தக் குரல்களை அடையாளம் கண்டு தேர்ந்தெடுப்பது பணத்துக்கும் நல்லது.

இந்த வாத்தியத்தின் கதை 1879 ஆகஸ்டில் ஹொனலுலு துறைமுகத்தில் தொடங்குகிறது. மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றி வந்த ‘ரேவன்ஸ்கிராக்’ கப்பலில் மனுவேல் நூனெஸ், அகஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ என்ற மூன்று தச்சர்களும் இருந்தார்கள். தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் ஹொனலுலுவில் பட்டறை போட்டார்கள். தங்கள் ஊரின் சின்னஞ்சிறு நான்கு தந்தி வாத்தியத்தை, ஹவாயில் மட்டுமே இயற்கையாக வளரும் கோஆ மரத்தில் செய்து பார்த்தார்கள். மன்னர் கலாகௌவா அதை அரண்மனை விருந்துகளில் மேடையேற்றினார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் யுகுலேலே மோகம் பிடித்துக்கொண்டது. பெருநிலத்துத் தொழிற்சாலைகள் ஹவாய்ப் பெயரிலேயே மலிவு வாத்தியங்களை விற்கத் தொடங்கின. அசலைப் போலியிலிருந்து பிரித்துக்காட்ட ஹவாய்க் கைவினைஞர்கள் ‘டபு’ என்ற முத்திரையைப் பொறிக்க வேண்டியதாயிற்று.

அந்த மோகம் உச்சத்தில் இருந்த 1916ஆம் ஆண்டில்தான், நூனெஸிடம் தொழில் கற்ற சாமுவேல் கமாகா, கைமுகிப் பகுதியிலிருந்த தன் வீட்டின் அடித்தளத்தில் தனியாக வாத்தியம் செய்ய ஆரம்பித்தார். இடுப்பே இல்லாத முட்டை வடிவ உடலுக்கு 1928இல் காப்புரிமை பெற்றார். அதுதான் இன்றும் செய்யப்படும் அன்னாசி யுகுலேலே. எட்டு வடிவ உடலைவிட அதன் உள்வெளி கூடுதல் என்பதால் ஒலியும் சற்றே உருண்டு வரும். பூச்சியியலில் ஆய்வு செய்துகொண்டிருந்த அவருடைய மூத்த மகன் படிப்பை விட்டுவிட்டு வந்து பட்டறையை ஏற்றுக்கொண்டார். 1959இல் பட்டறை சவுத் தெருவுக்குக் குடியேறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது, பேரன்கள் நடத்துகிறார்கள்.

கமாகா பட்டறையின் இன்னொரு மரபும் சொல்லப்பட வேண்டியது. காது கேளாதவர்களைப் பல பத்தாண்டுகளாக அங்கே வேலைக்கு அமர்த்தி வந்திருக்கிறார்கள். பலகையின் கனம் சரியாக வந்துவிட்டதா என்பதை அவர்கள் விரல் நுனியில் உணரும் அதிர்வைக் கொண்டே சொல்லிவிடுவார்கள். மேல்பலகையைக் கால் மில்லிமீட்டர் கூடுதலாகச் செதுக்கினால் குரல் மெலிந்துபோகும், குறைவாகச் செதுக்கினால் மரம் வாய் திறக்காது என்னும் ஒரு தொழிலில், அந்த விரல்களின் மதிப்பு சாதாரணமானதல்ல.

கமாகாவின் குரலில் ஒரு வெதுவெதுப்பு இருக்கிறது. நடு ஸ்தாயி நிறைந்து, ஓரங்கள் மழுங்கி, பாடுகிறவரின் குரலுக்கு அடியில் விரிப்புப் போல அமைந்துவிடும். அதே கமாகாவின் டெனர் அளவு வாத்தியத்தை யுகுலேலே கலைஞர் ஜேக் ஷிமாபுகுரோ கையில் எடுத்தால் தனி ஆவர்த்தனமே நடத்திவிடுவார். 2006இல் இணையத்தில் பரவிய ஒரு காணொளியில், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் உட்கார்ந்து ஜார்ஜ் ஹாரிசனின் பாடலொன்றை அவர் வாசித்ததைப் பார்த்தவர்கள், நான்கு தந்திக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று அசந்துபோனார்கள். அந்த வாசிப்பில் கவனிக்க வேண்டியது வேகத்தை அல்ல. எவ்வளவு அழுத்தி மீட்டினாலும் மரம் கரகரக்கவில்லை, எவ்வளவு மெல்லத் தொட்டாலும் ஒலி மறையவில்லை.

கோஅலோஹாவின் இயல்பு நேர் எதிர். ஆல்வின் ஒகாமி 1995இல் தொடங்கிய இந்தப் பட்டறையின் வாத்தியத்தைத் தூக்கியதுமே கை வியக்கும். அவ்வளவு எடை குறைவு. வழக்கமான யுகுலேலேயில் மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் தனித்தனித் தாங்குபட்டிகள் ஒட்டுவார்கள். ஒகாமியோ ஒரே துண்டாக வெட்டிய சட்டத்தை உள்ளே பொருத்தினார். உறுதி குறையாமல் மரம் தாராளமாக அதிர்கிறது. ஒலித்துளையும் வட்டமல்ல, ஹவாயில் வாழும் ஜப்பானியர்களின் சோற்றுப் பிடியான ‘முசுபி’யைப் போல முனை மழுங்கிய முக்கோணம். தலைப்பகுதி கிரீடம் போல ஐந்து முனைகளோடு நிமிர்ந்து நிற்கும். இவை பார்வைக்கு விளையாட்டாகத் தோன்றலாம். தந்தியைத் தட்டியதும் விளையாட்டு மறைந்துவிடும். பளிச்சென்று, கணீரென்று, அறையின் கடைசி வரிசைவரை போய்ச் சேரும் குரல் அது. பிற வாத்தியங்களோடு சேர்ந்து வாசிக்கும்போது ஒலிவாங்கி இல்லாமலேயே தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஜோ சூசாவும் கிறிஸ்டன் சூசாவும் 1998இல் தொடங்கிய கனிலேயா, தீவின் காற்றடிக்கும் கரையிலுள்ள கனியோஹேயைச் சேர்ந்தது. மெல்லிய தாங்குபட்டிகள், புற ஊதாக் கதிரில் உலர்த்திய கண்ணாடிப் பளபளப்பு, நீண்ட கார்வை. ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு விரலை எடுக்காமல் இருந்தால், அது தேய்வதற்குள் மேல் ஸ்வரங்களும் கூடவே மினுங்குவது காதில் விழும். விரலால் இழை இழையாக மீட்டுகிறவர்களுக்கு இது வரம். வேகமாகத் தாளம் தட்டுகிறவர்களுக்கோ ஒரு கார்ட் அடங்குவதற்குள் அடுத்தது வந்து மோதும். சூசா குடும்பம் கோஆ மறுநடவிலும் முனைந்திருப்பது தனியாகப் பாராட்ட வேண்டியது. மேய்ச்சல் மாடுகள் கன்றுகளைத் தின்று காடுகள் சுருங்கிய தீவுகளில், வெட்டுகிறவரே நடுவதும் தொழில் தர்மம்தான்.

ஜான் கிடாகிஸின் கோஒலாவ் எண்ணிக்கையில் குறைவாகவும் வாடிக்கையாளர் விருப்பத்துக்கு ஏற்பவும் செய்யும் பட்டறை. மேல்பலகைக்கு ஸ்புரூஸ், சீடர் போன்ற மென்மரங்களை நாடுகிறவர்கள் அங்கே போவது நல்லது. முதல் நல்ல வாத்தியம் தேடுகிறவர் அதுவரை போக வேண்டியதில்லை.

மரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தண்ணீரில் வெயில் படுவதுபோல அலையலையாக மின்னும் சுருள் கோஆவுக்கு விலை கூடுதல். கண்ணுக்கு அது விருந்து. ஒலிக்கு அதனால் தனி மேன்மை எதுவும் இல்லை. நேர் ரேகை ஓடும் சாதாரணக் கோஆ பலமுறை அதைவிடத் திறந்து பாடுகிறது. கோஆவின் நெருங்கிய உறவு மரமான ஆஸ்திரேலியக் கருங்கருவேலத்தை வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் நட்டார்கள். அங்கே சீகை என்ற பொதுப் பெயருக்குள் அடங்கிவிட்ட அந்த மரம், ஆஸ்திரேலியாவில் உயர்தர கித்தார்களாகவும் யுகுலேலேக்களாகவும் மாறிக்கொண்டிருக்கிறது.

எந்தப் பட்டறை என்று முடிவெடுப்பதற்கு முன் எந்த அளவு என்று முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சோப்ரானோ, கான்சர்ட், டெனர் மூன்றுக்கும் சுருதி ஒன்றே: சி-யை ஷட்ஜமாகக் கொண்டால் ப, ச, க, த. முதலில் வரும் பஞ்சமம் கீழே இறங்காமல் மத்திம ஸ்தாயியிலேயே நிற்பதால்தான் யுகுலேலேக்கு அந்தத் துள்ளல். டெனர் வாசிப்பவர்களில் பலர் அந்தத் தந்தியை மட்டும் மந்திர பஞ்சமத்துக்கு மாற்றிக்கொண்டு இராகம்போல நீண்ட வரிகளை வாசிக்கிறார்கள். தந்தியின் நீளம் சோப்ரானோவில் சுமார் பதின்மூன்றரை அங்குலம், டெனரில் பதினேழு. பெரிய விரல்காரர்களுக்குச் சோப்ரானோவின் மெட்டுகள் நெருக்கும் என்பது உண்மை. கொஞ்சம் பழகினால் அந்த நெருக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பதும் உண்மை.

பட்டறைகளின் மலிவுத் தம்பிகளையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கோஅலோஹாவின் ஓப்பியோ, கனிலேயாவின் ஐலாண்டர், கோஒலாவின் போனோ ஆகியவை ஹவாய்க்கு வெளியே செய்யப்படுபவை. காசுக்கு ஏற்ற நல்ல வாத்தியங்கள்தாம், ஆனால் ஹவாய்ப் பட்டறையில் உருவானவை அல்ல. பழைய வாத்தியம் வாங்குகிறவர் ஒலித்துளைக்குள் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டே பணத்தை எடுக்க வேண்டும். குதிரை ஒட்டிய இடத்தில் பலகை உப்பியிருக்கிறதா, பன்னிரண்டாம் மெட்டில் சுருதி சுத்தமாகச் சேர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாங்கிய பிறகு, இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் உறையில்லாமல் சுவரில் மாட்டிவைக்கக் கூடாது. முழு மரம் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் நிம்மதியாக இருக்கும். அதற்குக் கீழே போகப் போக விரிசலுக்கு வழி.

பாடிக்கொண்டே வாசிக்கிறவருக்குக் கமாகா கான்சர்ட். தனியே உட்கார்ந்து விரலால் மீட்டுகிறவருக்குக் கனிலேயா டெனர். இரண்டிலும் ஏமாற்றத்துக்கு இடமில்லை. ஆனால் பட்டறையின் கைத்திறனை ஒளிவுமறைவின்றிக் காட்டுவது சோப்ரானோதான். இவ்வளவு சிறிய பெட்டியில் பிழையை மறைக்க இடம் கிடையாது. யுகுலேலே பிறந்த அளவும் அதுவே. வாழ்நாளில் ஒரே ஒரு ஹவாய் யுகுலேலேதான் வாங்க முடியும் என்கிறவர், சுருள் கோஆவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை மிச்சப்படுத்திவிட்டு, அலங்காரம் எதுவும் இல்லாத ஒரு கோஅலோஹா சோப்ரானோவை வாங்கிக்கொள்ளட்டும்.