காதோரப் பெயரின் விலை

கண்ணாடிக் கடையில் பிராடாவும் வெர்சாச்சேயும் வேறு வேறு தட்டில் இருக்கும். இரண்டையும் செய்வது ஒரே நிறுவனம்தான்: 1961இல் வட இத்தாலியின் அகோர்டோவில் லியொனார்டோ டெல் வெக்கியோ தொடங்கிய லக்ஸோட்டிகா. லென்ஸ் தயாரிக்கும் எஸ்ஸிலோருடன் அது 2018இல் இணைந்துவிட்டது. பிராடா போன்ற ஆடை நிறுவனம் தன் பெயரைக் கொடுத்து, விற்பனையில் உரிமத்தொகை வாங்கிக்கொள்கிறது. அந்தத் தொகை, விளம்பரச் செலவு, கடைக்காரர் லாபம் எல்லாம் பிரேமின் விலையில் ஏறிவிடுகின்றன. அனுபவமுள்ள நிறுவனம் செய்வதால் தரம் இருக்கும் என்பார்கள். இருக்கும்தான். ஆனால் அதே நிறுவனம் தன் சொந்த பிராண்டான வோக் ஐவேரைக் கணிசமாகக் குறைந்த விலைக்கு விற்கிறதே! ஆகவே தரத்தைப் பெயரில் தேடிப் பயனில்லை, பிரேமில்தான் தேட வேண்டும்.

தேடுவது கடினமுமில்லை. பிளாஸ்டிக் பிரேம் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு சாதி உண்டு. அச்சில் வார்த்ததில் நிறம் பெரும்பாலும் மேற்பூச்சு. வியர்வை பட்டுப் பட்டு உரியும். அசிடேட் தகட்டிலிருந்து வெட்டிச் செதுக்கியதில் நிறம் உள்ளே வரை ஓடும். மங்கினால் மெருகேற்றலாம், சூடுகாட்டி முகத்துக்கேற்ப வளைக்கலாம். பிரேமின் ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாலே பல நேரம் வித்தியாசம் தெரிந்துவிடும். காதுக்கம்பியை மெதுவாக மடக்கிப் பாருங்கள்: கீல் ஆடாமல், சீரான இறுக்கத்தோடு நகர வேண்டும். உலோகமென்றால் டைட்டானியத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். எடை குறைவு, துருப்பிடிக்காது, நிக்கல் ஒவ்வாமையால் மூக்கோரம் அரிப்பவர்களுக்குத் தூய டைட்டானியம் நிவாரணம். (எப்படி வளைத்தாலும் நிமிரும் ‘மெமரி மெட்டல்’ வேறு, அதில் நிக்கல் ஏறக்குறையப் பாதி.) டைட்டானிய பிரேம்களுக்குப் பேர்போனவை ஜப்பானின் சபாயே நகரத்துப் பட்டறைகள்.

விலையைவிட முக்கியமானது காதுக்கம்பியின் உட்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. 52, 18, 140 என்றால் லென்ஸின் அகலம், மூக்குப்பாலம், கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். முதல் இரண்டையும் கூட்டினால் 70. உங்கள் கருவிழிகளின் மையங்களுக்கு இடையே 62தான் என்றால், ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 4 மில்லிமீட்டர் உள்ளே தள்ள வேண்டும். மைனஸ் பவரில் வெளி ஓரம் அதற்கேற்பத் தடிக்கும். மைனஸ் ஆறு பவர்காரர் ஃபேஷனுக்காக அகலமான பிரேம் வாங்கினால், பாரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார். அவருக்குச் சிறிய வட்ட பிரேமும், மிச்சப்பட்ட பணத்தில் மெல்லிய ஹை இன்டெக்ஸ் லென்ஸும் நல்லது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸான புரோகிரசிவ் போடுபவருக்கு லென்ஸின் உயரமும் போதுமான அளவு வேண்டும்; துல்லியமாக அளவெடுக்கும் கடைக்குக் கொடுக்கும் பணம் அங்கே பிரேமின் பெயரைவிடப் பயன்படும்.

முகத்தில் நாள் முழுக்க இருப்பது, அழகுக்குச் செலவழித்தால் என்ன என்று கேட்கலாம். தாராளமாகச் செலவழிக்கலாம். ஆனால் அழகு வடிவத்திலும் நிறத்திலும் இருக்கிறது. காதோரச் சின்னத்தை அணிந்தவரே பார்ப்பதில்லை. பட்டுப்புடவைக்குக் கொடுப்பதுபோல் மனநிறைவுக்காக என்றால் வாதமில்லை, அதைத் தரம் என்று சொல்லாத வரை. பெரிய பிராண்டுக்குச் சாதகமாக வலுவான வாதம் ஒன்றே: உதிரிபாகம். ஒரு கம்பி முறிந்தால் அதே மாடலின் கம்பி மட்டும் கிடைத்தால், பவர் போட்ட லென்ஸ் தப்பிக்கும். அந்த வசதி அந்த மாடலுக்கு, அந்தக் கடையில், எத்தனை ஆண்டுக்கு உண்டு என்று பில் போடுமுன் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் கூடுதல் விலையில் ஒரு பகுதியாவது நியாயம்.