கட்டைப் பிரித்தால் ஆல்ஃபா!

வடபழனி நண்பர் ‘ஒளியியல்’ எனப் பெயரிட்ட கோப்பை ஜிப் கட்டாக அனுப்புகிறார். விண்டோஸில் செவன்-ஜிப் கொண்டு பிரிக்கிறீர்கள். பாடம் பழுதின்றி வருகிறது. பெயரோ சில வேளை ஆல்ஃபாவும் மேற்கோள் குறியுமாக நிற்கிறது! ஏன்? யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள். 1989-இல் பிறந்த ஜிப், பெயர்களுக்குப் பழைய ஐ.பி.எம். பட்டியலையே கொண்டது, அதில் நம் முதல் பைட்டின் பொருள் ஆல்ஃபா. ‘இது யூ.டி.எஃப்-8’ என்றறிவிக்கும் அடையாளம் 2006-இல்தான் விதியில் ஏறியது. அதை இடாமலே கட்டும் மென்பொருள்கள் உண்டு.

இகோர் பாவ்லோவ் 1999 முதல் இலவசமாகத் தந்துவரும் செவன்-ஜிப் அருமையான கருவிதான். அடையாளம் இல்லாத கட்டுகள் சிலவற்றிலும் சரியாக ஊகித்துவிடுகிறது, எல்லாவற்றிலும் அல்ல. எழுத்துமுறையைத் தேர்ந்தெடுக்கும் வசதியைக் கட்டளை வரியில் ஒளித்து வைத்ததோ பெருங்குறை. மாக் கணிப்பொறிக்கான ‘தி அன்ஆர்கைவர்’ ஐயம் வந்தால் நம்மிடமே கேட்கிறது. கட்டளையின் இறுதியில் சிறுகோடு, எம், சி, பி, சமக்குறி, 65001 எனத் தட்டிப் பாருங்கள். ‘ஒளியியல்’ திரும்பி வரும்.