குனிவது எங்கிருந்து?

வளரும் பையன்களின் உடலில் யோகப் பயிற்சி முதலில் சரிசெய்ய வேண்டியது, அவர்கள் குனியும் இடத்தை. தூத்துக்குடி மாவட்டத்தில் இதைக் கண்ணால் பார்க்கக் கோவில்பட்டி ஹாக்கி மைதானத்துக்குப் போனால் போதும். அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடியவர்கள். ஹாக்கி குனிந்தே ஆடும் ஆட்டம். மட்டை ஏறத்தாழ மூன்றடிதான். இடக்கை மேலே, வலக்கை கீழே என்ற பிடி எல்லோருக்கும் ஒன்றே என்பதால் வலது தோள் தாழ்ந்து முதுகும் திருகிக்கொள்கிறது.

பையன்கள் கிடுகிடுவென உயர்வது பெரும்பாலும் 13, 14 வயதில். அந்தக் கட்டத்தில் ஓராண்டில் 9 சென்டிமீட்டர் வரைகூட வளர்வதுண்டு. தொடை எலும்பு நீளும் வேகத்துக்குப் பின்தொடைத் தசை ஈடுகொடுக்காமல் இறுகுகிறது. அந்தத் தசை இடுப்பெலும்பின் அடியில் தொடங்குவதால், குனியும்போது இடுப்பைச் சுழல விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. மிச்ச வளைவெல்லாம் கீழ்முதுகின் தலையில் விழுகிறது. இந்த வயதில் வரும் முதுகுவலியை 'வளர்ச்சி வலி' என்று தள்ளிவிடுவது தவறு. முள்ளெலும்பில் நுண்முறிவு இருக்கவும் கூடும்.

கால் நீட்டி உட்கார்ந்து குனியும் பச்சிமோத்தானாசனத்தில் ஒரு பையனைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். கைவிரல் கால் கட்டைவிரலைத் தொட்டுவிடுகிறது, சுற்றி நிற்பவர்கள் பாராட்டுகிறார்கள். முதுகோ வில்லாக வளைந்திருக்கிறது, இடுப்பு அசையவே இல்லை. அவனே முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, அடிவயிற்றைத் தொடைமேல் சாய்த்தால் முதுகு பலகைபோல் நீள்கிறது. விரல் எட்டாவிட்டாலும் அதுவே சரியான ஆசனம். அர்த்த உத்தானாசனமும் உத்கட்டாசனமும் இதே இடுப்பு மடிப்பை நின்றபடி பழக்குகின்றன. சேதுபந்தாசனம் பிட்டத் தசைக்கு வலுவூட்டுகிறது. நீண்ட நேரம் நிலைத்து நீட்டும் ஆசனங்களை ஆட்டம் முடிந்தபின் செய்வதே நல்லது. ஆட்டத்துக்குச் சற்று முன்னால் செய்தால் தசையின் உந்துவிசை சிறிது நேரம் குறையும்.

முதுகு நீண்டால் மூச்சும் சீராகிறது. வளைந்த உடலில் வயிறு அமுங்கி, உதரவிதானம் இறங்க இடமில்லாமல், மேல்மார்பிலேயே மூச்சு நின்றுவிடும். மூச்சைப் பொறுத்தவரை கடலோரப் பையன்களுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றாலும் சங்குகுளி தொடர்கிறது. நீந்தி முங்கிப் பழகுவது அங்கே சிறுவர் விளையாட்டு. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமூச்சுப் பயிற்சிகள் இரத்தத்தில் கரியமில வாயுவைக் குறைக்கின்றன. மூச்சு வாங்கத் தூண்டுவது அந்த வாயுதான். அது குறைந்த நிலையில் முங்கினால், ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் உடல் எச்சரிக்காது. நீருக்கடியிலேயே நினைவு தப்பிவிடும். பழைய முத்துக்குளிப்பில் கல்லோடு இறங்குபவரின் கயிறு எப்போதும் படகில் நிற்கும் துணையாளின் கையில் இருந்தது. பையன்கள் வேகமூச்சுப் பயிற்சியைத் தரையில் உட்கார்ந்து மட்டுமே செய்ய வேண்டும். முடித்த கையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது, எந்த நாளிலும் தனியாக முங்கக் கூடாது.