முடியாத சேலை

காஞ்சிபுரம் என்றால் நம் வீட்டுப் பெண்களுக்குக் கல்யாணம் நினைவுக்கு வரும். எனக்கோ ஒரு சாவு நினைவுக்கு வருகிறது. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தைப் பார்த்த பலன் அது. 2007-ஆம் ஆண்டின் சிறந்த படம் என்று தேசிய விருது பெற்றது. வேங்கடமாக நடித்த பிரகாஷ்ராஜுக்கும் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. இரண்டும் தகும்.

கதை சுதந்திரத்துக்கு முந்தியது. பட்டு நெய்கிறவன் வீட்டில் பட்டு இல்லை. மனைவியைப் பட்டுடுத்தி அழைத்துவர முடியாதுபோன வேங்கடம், மகளையாவது பட்டுடுத்திக் கட்டிக்கொடுப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறான். கூலி போதவில்லை. முதலாளியின் நூலை வாயில் அடக்கிக் கொண்டுவந்து, வருஷக் கணக்காக ஒளித்து நெய்கிறான்.

வறுமையின் கதை என்று சொல்லிவிடுவது சுலபம். கதை எழுதுகிற எனக்கு வேறொன்று படுகிறது. குடும்பத்தின் சந்தோஷம் முழுவதையும் ஒரே நாளுக்கு, ஒரே சேலைக்கு ஒத்திவைத்த மனிதனின் கதை இது. வாயில் நூலை வைத்திருப்பவன், வழியில் குழந்தையைக் கண்டால் வாய்விட்டுக் கூப்பிட முடியுமா?

காஞ்சித் தறி தனியாள் வேலையல்ல. வெயில் ஏறுமுன் தெருவில் பாவு நீட்டுவார்கள். பெண்கள் தார் சுற்றுவார்கள். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தாக வேண்டும். முன்பு பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். அது பெருமைப்படத் தக்கதல்ல. ஆனால் கணவனும் மனைவியும் உட்காரும் தறியில் வேலையோடு பேச்சும் ஓடும். வைகாசிக் கருட சேவைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று சண்டையும் நடக்கும்.

படத்தில் இந்த நாள்கள் போதவில்லை என்பதே என் குறை. வேங்கடமும் அன்னமும் சேர்ந்து வாழும் ஆரம்பக் காட்சிகளில் கொஞ்சம் காற்று வருகிறது. பிறகு கதை சேலையின் பின்னாலேயே ஓடிவிடுகிறது. இழந்தது இன்னதென்று காட்டியிருந்தால் இழப்பு இன்னும் கனத்திருக்கும்.

இதைச் சொல்லி வறுமைக்கு வர்ணம் பூச நான் வரவில்லை. கூலி உயர வேண்டாம், சிரித்துக்கொண்டிருந்தால் போதும் என்பவன் முதலாளியின் தரகன். வேலைநிறுத்தத்தில் முன்னின்ற வேங்கடம், சேலைக்கு நூல் வேண்டுமே என்று தறிக்குத் திரும்புகிறானே, அந்த இடத்தில் கூலியும் போயிற்று, தோழர்களும் போனார்கள். அந்தப் பெரிய ஆசை எதையும் மிச்சம் வைக்கவில்லை.

கிணற்றில் விழுந்து முடங்கிய மகளுக்குத் தன் கையாலேயே விஷம் கொடுத்துவிட்டு, அரைகுறைச் சேலையைப் போர்த்துகிறான். முகத்தை மூடினால் பாதம் தெரிகிறது. பாதத்தை மூடினால் முகம். இந்த ஒரு காட்சிக்காகவே படத்தின் குறைகளை மன்னிக்கலாம்.

படம் பார்த்த அன்று மாலை, பீரோவில் மடித்துக் கிடந்த பட்டுப் புடவையைக் கட்டிக்கொள்ளேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

"இன்றைக்கு என்ன விசேஷம்?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் கட்டிக்கொண்டாள், கட்டிக்கொண்டே அடை வார்த்தாள். எண்ணெய் தெறித்துவிடுமே என்று பயந்தவன் நான்தான்.