குளிர்நாட்டுத் தொட்டிக்கு வரும் புதிய தங்கமீன்: தனிமைப்படுத்தும் வழக்கம் பற்றிய ஒரு மதிப்பீடு

புதிதாக வாங்கிய தங்கமீனை முதன்மைத் தொட்டியில் உடனே விடாமல், வேறொரு கலத்தில் சில வாரங்கள் வைத்திருந்து, நோய்க்குறி எதுவும் தோன்றவில்லை என்று கண்ட பின்னரே பழைய மீன்களுடன் சேர்க்க வேண்டும் என்பது அலங்கார மீன் வளர்ப்பில் ஏறத்தாழ அனைவரும் ஒப்பும் விதியாகும். தனிமைப்படுத்தல் எனப்படும் இவ்வழக்கத்துக்கு இரண்டு வாரம் அல்லது மூன்று வாரம் என்று சொல்லப்படும் கால அளவு, சுமார் 25 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. இராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்து உயர்ந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து மகாவலிப் பள்ளத்தாக்கை நோக்கிச் சரியும் வலப்பனைப் பிரதேசத்தில், மேற்பகுதிக்கும் அடிவாரத்துக்கும் இடையே தட்பவெப்பம் பெரிதும் வேறுபடுவதால், ஒரே விதியை ஒரே அளவில் கையாள்வது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

வழக்கத்தின் வலுவான பக்கம் ஒட்டுண்ணிகளைப் பற்றியது. மீனின் உடலில் உப்புத்தூள் தூவியது போல வெள்ளைப் புள்ளிகளை உண்டாக்கும் வெண்புள்ளி நோய்க்குக் காரணம் ஓர் ஒருகல உயிர். அது மீனின் தோலுக்குள் வளர்ந்து, முதிர்ந்ததும் விழுந்து, தொட்டியின் அடியில் பலவாகப் பிரிந்து, மீண்டும் நீந்தி வந்து மீனைப் பற்றுகிறது. 25 பாகையில் இச்சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுவதால், இரண்டு வாரக் காத்திருப்பில் அது ஒருமுறையேனும் கண்ணில் படுவதற்கு வாய்ப்பு மிகுதி. 15 பாகையில் அதே சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு வாரமும், 10 பாகையில் ஒரு மாதத்துக்கு மேலும் செல்லும். ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை அளவில் நிற்கும் நுவரெலியாவிலும், அதனை ஒத்த குளிருள்ள மேட்டுத் தோட்டங்களிலும், விதி சொன்ன பதினான்கு நாள் முடிந்ததென்று மீனை மாற்றுபவர், ஒட்டுண்ணியின் முதற்சுற்றே முடியாத நிலையில் அதனைத் தம் கையாலேயே பழைய மீன்களிடம் சேர்ப்பிக்க நேரிடும். முட்டையிட்டுப் பெருகும் செவுள் தட்டைப்புழுவுக்கும் இக்கணக்குப் பொருந்தும், ஏனெனில் குளிர் அம்முட்டைகள் பொரிவதைத் தாமதப்படுத்துகிறது. கண்ணுக்கே தெரியும் மீன்பேனுக்கும் நங்கூரப்புழுவுக்கும் இவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. பெரும்பாலும் கூர்ந்து பார்த்தாலே போதும்.

ஆனால் குளிரின் பங்கு தாமதப்படுத்துவதோடு நிற்பதில்லை. தங்கமீனின் சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும் உள்ள குருதியாக்க இழையங்களை அழிக்கும் ஒரு ஹெர்பிஸ் வைரசு நோய், 1992 இல் ஜப்பானில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. நீர் 15 முதல் 25 பாகைக்குள் இருக்கும்போது மூர்க்கமாக வெளிப்பட்டுப் பெருமளவு மீன்களைக் கொல்லும் இந்நோய், அதைவிட வெப்பமான நீரில் அடங்கியிருக்கக் கூடும். பிழைத்த மீன்களோ நோய்க்குறி எதுவுமின்றி வைரசைச் சுமந்து திரியும். இலங்கையின் அலங்கார மீன் பண்ணைகள் பெரும்பாலும் மேல் மாகாணத்திலும் அதனை அடுத்த தாழ்நிலங்களிலும் அமைந்திருப்பதால், அங்குள்ள வெப்ப நீரில் நலமாகத் தோன்றும் மீன், மலையேறி வந்த பின்னர் நோயுறுவதற்கு வாய்ப்புண்டு. ஆகவே மலையகத்தில் தனிமைப்படுத்தலின் தேவை தாழ்நிலத்தைக் காட்டிலும் கூடுதலாகும். அதே காரணத்தால், வெப்பமூட்டியை வைத்துத் தனிக்கலத்தைச் சூடாக்கி மீனைச் 'சுகமாக' வைத்திருப்பது நோக்கத்தையே கெடுத்துவிடும். முதன்மைத் தொட்டியின் இயல்பான குளிர் எதுவோ அதே குளிரில்தான் புதிய மீன் சோதிக்கப்பட வேண்டும்.

இனி, குறைகள். தனிக்கலம் என்பது நடைமுறையில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்ரிக் வாளியாகவோ பேசினாகவோ இருக்கும். மீன் வெளியேற்றும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியாக்கள் புதுக்கலத்தில் இல்லை. குளிரில் அவை பெருகவும் நெடுநாள் எடுக்கும். நோயிலிருந்து காக்கவென்று ஒதுக்கிய மீன் தன் கழிவிலேயே நஞ்சூட்டப்பட்டு இறக்க, அதனை வாங்கி வந்த நோயின் விளைவு என்று வளர்ப்பவர் கருதிவிடுவதும் உண்டு. தோட்டத்துப் பீலியில் வரும் மலைநீர் குளிர்ந்ததாகவும் மென்மையானதாகவும் சற்று அமிலத்தன்மையுடையதாகவும் இருக்குமிடங்களில், அமோனியாவின் பெரும்பகுதி நஞ்சு குறைந்த அமோனியம் என்ற வடிவில் நிற்பதால் இவ்வாபத்து ஓரளவு தணிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். குளிர்நீரில் ஒட்சிசன் மிகுதி என்ற நம்பிக்கையை மட்டும் அப்படியே ஏற்பதற்கில்லை: 1,868 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் குறைவதால், நுவரெலியாவின் 16 பாகை நீர் கொள்ளும் ஒட்சிசன், கொழும்பின் 28 பாகை நீர் கொள்ளும் அளவையே ஒத்தது. முதன்மைத் தொட்டியில் முன்னரே ஊறவிட்ட பஞ்சு வடிகட்டி ஒன்றைத் தனிக்கலத்துக்கு மாற்றினால், தேவையான பக்டீரியாவும் காற்றும் ஒருங்கே கிடைக்கும்.

நோய் தோன்றுமுன்னரே மருந்தூற்றும் பழக்கம் இதனினும் பெரிய குறையாகும். செப்புச் சேர்மங்கள் மென்னீரில் பன்மடங்கு நச்சுத்தன்மை பெறுவதால், கடின நீருக்கு எழுதிய அளவை மலைநீரில் கையாள்வது மீனைக் கொல்வதற்கு ஒப்பாகும். லீற்றருக்கு 3 கிராம் என்ற அளவில் கறியுப்புக் கரைப்பது பெரும்பாலும் பாதுகாப்பானது. அதற்கு மேற்பட்ட சிகிச்சை, நோய் இன்னதென்று அறிந்த பின்னரே தகும். இரு தொட்டிகளுக்கும் ஒரே கைவலையையும் ஒரே குழாயையும் பயன்படுத்துவோரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் செய்வது தனிமைப்படுத்தலே அன்று.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்தோருக்கு முன்னோர் இலங்கைக்குள் வருமுன் தனிமைப்படுத்தி வைக்கப்பட்ட மண்டபம் முகாமின் பெயர் அந்நியமானதன்று. அங்கும் தடுத்து வைக்கப்பட்டவர் பட்ட துன்பம், இலங்கைக்குள் ஏற்கெனவே இருந்தவர்களின் பாதுகாப்புக்காகவே கோரப்பட்டது. மனிதரையும் மீனையும் ஒரே தட்டில் வைக்க முடியாதாயினும், தனிமைப்படுத்தலின் செலவைப் புதியவரே சுமக்கிறார் என்ற இவ்வமைப்பு இரண்டிலும் ஒன்றே. கலத்தின் தரத்தில் அக்கறை குறைவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

காத்திருப்பு மட்டும் எவ்வளவு காக்கும் என்பதற்கு அவுஸ்திரேலியா சான்று தருகிறது. 1974 இல் ஜப்பானியத் தங்கமீன்களோடு விக்டோரியா மாநிலத்துக்குப் புண்நோய் வந்து சேர்ந்தது. இறக்குமதித் தங்கமீன்களுக்குப் பின்னர் மூன்று வாரத் தனிமைப்படுத்தல் நெடுங்காலம் கட்டாயமாக இருந்தும், மேற்சொன்ன வைரசு போன்ற ஒன்று மேற்கு அவுஸ்திரேலியத் தங்கமீனில் காணப்பட்டதாக 2004 இல் அறிக்கை வெளியாயிற்று. கண்ணால் பார்த்து நலம் அறியும் முறைக்கு அறிகுறியற்ற காவிகள் அகப்படுவதில்லை. காத்திருப்பின் பிற்பகுதியில் பழைய மீன் ஒன்றைப் புதியதுடன் விட்டு, அது நோயுறுகிறதா என்று பார்ப்பதே இதற்கு வீட்டளவில் உள்ள மாற்று. ஒரு மீனைப் பணயம் வைக்கும் இம்முறையைப் பலர் விரும்பாமல் இருப்பது இயல்பே. இலங்கையில் 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் எல்லைக் கண்காணிப்பு உண்டெனினும், தாழ்நிலப் பண்ணைக்கும் இராகலைக் கடைக்கும் இடையே செல்லும் மீனை வளர்ப்பவரே சோதித்தாக வேண்டும்.

வலப்பனையின் மேட்டுப்பகுதிகளுக்கு ஆறு வாரம், வெப்பமூட்டாத நீர், ஊறிய வடிகட்டி, தனிக் கைவலை என்பவை குறைந்தபட்ச நிபந்தனைகளாகும். அடிவாரத்து வெப்பத்தில் மூன்று அல்லது நான்கு வாரம் போதலாம். லயத்து அறையில் இரண்டாவது தொட்டிக்கு இடமில்லாதவர், அரைகுறையாகத் தனிமைப்படுத்துவதைவிட, வேண்டிய மீன்களை ஒரே இடத்தில் ஒரே நாளில் வாங்கித் தொட்டியில் விட்டு, அதன்பின் புதிதாக எதையும் சேர்க்காமல் இருப்பதே மேல்.